அறுபத்தெட்டாவது நிமிடம்

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இந்த நோட்டு, சத்தியத்தை மீறுகிறவர்களின் பெயரை எழுதி வைப்பதற்காக வாங்கியது. ரசிகர் மன்றத் தலைவர் நான் என்பதால் என் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஒருவரும் மீறாத நாளில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "தேதியப் போட்டு, மீறல் இல்லன்னு எழுதும் ஓய்" என்றான் பெர்னபாஸ். அவன் துணைத்தலைவர்.

காலைப் பூசை முடிந்ததும் திடலை ஒட்டிய குருசடியில், சிலுவை நிற்கிற மேடையடியில், ஊர் கூடியது. குருசுத்துறை ராயல்ஸ் இனிமேல் கோவை ராயல்ஸ். நீலச் சட்டை போய் ஆரஞ்சுச் சட்டை வந்துவிட்டது. டீம் முதலாளி சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தால் சரிதான். நம் திடலில் ஐந்தாயிரம் பேர் உட்கார இடம் இல்லை. பெரிய விளக்கு இல்லை. உதைக்கிற பந்து கடலில் போகிறது.

கடலில் போகிற பந்தை எடுக்க ஒரு கட்டுமரம் நிறுத்தி வைத்திருந்தோம், அதை அவர் சொல்லவில்லை. அதில் சூசைதான் இருப்பான். ஒரு தடவை பந்தெடுக்கப் போனவன் பெரிய சீலா மீனோடு திரும்பி வந்தான், பந்தை விட்டுவிட்டான். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மீனைப் பார்க்க வந்தார். இரண்டு கோல்கீப்பர்களும் வந்தார்கள். நல்ல மீன் அது.

சத்தியத்தை நான்தான் வாசித்தேன். டீம் திரும்பி வரும் வரைக்கும் ஊரில் ஒருவரும் அதன் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, நேரிலும் இல்லை, டிவியிலும் இல்லை, போனிலும் இல்லை. டீமோடு போன ஆட்டக்காரன் ஊர் முகப்பு வளைவுக்குள் கால் வைக்கக் கூடாது. எல்லாரும் வலது கையை நீட்டிச் சொன்னார்கள்.

ஊர்க்காரர்கள் மூன்று பேர் அதில் ஆடினார்கள். ஒருவன் கடலுக்கே திரும்பிவிட்டான். ஒருவன் மஸ்கட் போய்விட்டான். டீமோடு போனது அம்புரோஸ் மட்டும். மூன்றாம் நம்பர் சட்டை, லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பு ஆள். என் மகள் ஜெசிந்தாவின் கணவன். அவளும் கூடப் போயிருக்கிறாள். அவளுக்கு இது நான்காம் மாதம், முதல் பிள்ளை.

வாசிக்கும்போது என் குரல் நடுங்கியதாக என் வீட்டுக்காரி பிரிஜித் சொல்கிறாள். கடற்கரையில் காற்று இருக்கத்தான் செய்யும்.

மீறல் இல்லை.

செப்டம்பர் 9, சனி

திடலில் ஆடு மேய்கிறது. மீறல் இல்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

இன்று அவர்களுக்கு முதல் ஆட்டம். நாலு மணிக்கு ஊரில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. வெயிலுக்காகச் சாத்தியிருப்பார்கள். டீக்கடைத் தொம்மை கடையையே மூடிவிட்டான், பால் திரிந்துவிட்டதாம்.

நான் மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போனேன். அதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாசி நிறைய.

கோவை ஒன்றுக்குப் பூஜ்யத்தில் ஜெயித்ததாகக் கேள்வி. அம்புரோஸ் போட்ட பந்தில்தான் கோல் விழுந்ததாகக் கேள்வி. இடது காலின் உள்பக்கத்தால் வளைத்துப் போட்டிருக்கிறான். பந்து முதல் கம்பத்துக்கு வருவதுபோல் வந்து, எதிராளியின் தலைக்கு மேல் ஒரு முழம் எழும்பி, இரண்டாம் கம்பத்தில் இறங்கியிருக்கிறது. அப்படித் திருப்பிப் போட இடுப்பு வளைய வேண்டும், காலை மட்டும் வீசினால் போகாது.

இதைச் சோற்றில் கை வைத்துக்கொண்டு பிரிஜித்திடம் சொன்னேன்.

"ஒங்களுக்கு இத யாரு சொன்னாவ?"

"பஸ்ஸில பேசிக்கிட்டாவ."

"ஞாயித்துக்கிழம மத்தியானத்துக்குப் பொறவு நம்ம ஊருக்கு பஸ்ஸே கெடையாதே."

குழம்பில் புளி கூடிவிட்டது என்று சொன்னேன்.

மீறல் இல்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

கடல் சரியில்லை. கிழிந்த வலை பொத்தினேன். இரண்டுக்கு இரண்டு.

நவம்பர் 19, ஞாயிறு

எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் பலகாரம் கொண்டுபோய் மகளை வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். முதல் பிள்ளை அம்மா வீட்டில்தான் பிறக்க வேண்டும். பிரிஜித் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்து வைத்திருந்தாள்.

ஜெசிந்தா வருவது சத்தியத்தில் அடங்குமா என்று பெர்னபாஸிடம் கேட்டேன். என் மகள் என்பதால் நானே முடிவு சொன்னால் நன்றாக இருக்காது. அவன் தன் வள்ளத்துக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தான். நீலச் சாயம். வருஷா வருஷம் அதுதான் அடிப்பான். பழைய டப்பா மீதி இருந்ததால் அடிப்பதாக நான் கேட்காமலே சொன்னான்.

"ஒமக்க மவ தாராளமா வரலாம் ஓய். அவ என்ன பந்தா உதைச்சா? அவன் வரப்பிடாது, அவ்வளவுதான்."

பிரிஜித் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஆகஸ்டிலிருந்து அவள்தான் பேசுவாள், நான் பக்கத்தில் வலையோடு இருப்பேன்.

"அவர வெளியில நிப்பாட்டிட்டு நான் மட்டும் வரணுமாம்மா? நான் இங்கனயே பெத்துக்கிடுதேன். ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளிதான் இருக்கு."

"மக்ளே, மொதப் பிள்ள..."

"அப்பா பக்கத்துலதான் இருக்காவன்னு தெரியும். மூச்சு கேக்கு. அப்பா, கேளுங்க. ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் வந்து இருந்து பாருங்க. பாத்தா நான் வாறேன். இவரு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எறங்கின ஒடன இடது பக்க கேலரிய ஒரு தடவ பாக்காரு. அங்கன யாரு இருக்கான்னு நெனச்சிப் பாக்காருன்னு எனக்குத் தெரியல்ல."

திடலில் நான் நிற்கிற இடம் இடது பக்கம். சூசையின் கட்டுமரம் அங்கிருந்துதான் தெரியும், அதனால் அங்கே நிற்பேன்.

சத்தியத்தை வாசித்தவனே போக முடியாது என்று சொன்னேன். அவள் சரி என்று போனை வைத்துவிட்டாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மீறல் இல்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

முந்திரிக்கொத்தை அண்டை அயலுக்குக் கொடுத்துவிட்டோம்.

டிசம்பர் 25, திங்கள்

கிறிஸ்துமஸ். பிரிஜித் பூசைக்குப் போய்விட்டு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. நான் மீன் வெட்டிச் சமைத்தேன்.

ஜெசிந்தா ஜனவரி மூன்றாம் வாரத்துக்குப் பிறகு பஸ், ரயில் எதிலும் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஜனவரி 4, வியாழன்

எனக்குக் கண் சரியில்லை. மதுரையில் காட்டிவிட்டு வருவதாக மன்றத்தில் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை ஊரில் இருக்க மாட்டேன். பெர்னபாஸும் இருக்க மாட்டானாம், வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்ச்சை. தொம்மையின் மச்சானுக்குத் தூத்துக்குடியில் புது வீடு பால் காய்ச்சுகிறார்களாம்.

ஜனவரி 6, சனி

கோயம்புத்தூர் ஸ்டேடியத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. நாற்காலிக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். புல் தலைவாரியதுபோல் இருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல் இல்லை, அதனால் காற்று எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இடது பக்க கேலரிக்கு டிக்கெட் கேட்டு வாங்கினேன்.

எனக்கு மூன்று வரிசை முன்னால் ஒருவன், நாலு மணி வெயில் படாத நிழலில், தலையில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தான். துண்டுக்கு வெளியே ஒரு காது தெரிந்தது. தூண்டில் முள் கிழித்து இரண்டாகப் பிளந்த காது. நாகர்கோவில் டாக்டர் அதைத் தைக்கிறேன் என்று சொன்னபோது, இது என் அடையாளம், தைத்தால் கடலில் செத்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டவன் உலகத்தில் ஒருத்தன்தான்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வேளாங்கண்ணிய இப்ப கோயமுத்தூருக்கு மாத்திட்டாவளோ?"

பெர்னபாஸ் திரும்பவில்லை. "கண்ணு தெரியல்லன்னு மதுரைக்குப் போனவரு, மூணு வரிச தள்ளி எனக்க காதக் கண்டுபிடிச்சிருக்கீரு. நல்ல டாக்டருதான் ஓய்."

கொஞ்ச நேரத்தில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு தொம்மை படியேறி வந்தான். எங்களைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பப் பார்த்தான். பெர்னபாஸ் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். மூன்று பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். பார்ப்போம், ஆனால் கை தட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டோம். தொம்மைதான் கடலை தின்ன முடியாமல் கஷ்டப்பட்டான்.

அம்புரோஸ் இறங்கியதும் எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தான். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு குனிந்து, கட்டியிருந்த ஷூக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். நெடுநேரம் கட்டினான்.

ஆட்டத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அவன் காலில் அவசரம் இருந்தது. பார்க்க ஆள் இருந்தால் சிலருக்கு ஆட்டம் கூடும், சிலருக்குக் குறையும். முப்பத்துமூன்றாவது நிமிடம் ஒரு மஞ்சள் அட்டை வாங்கினான். அறுபத்தெட்டாவது நிமிடம் எதிராளி அவனைத் தாண்டி ஓடும்போது சட்டையைப் பிடித்து இழுத்தான். இரண்டாவது மஞ்சள், அதனால் சிவப்பு. பெரிய பலகையில் 68 என்று இருந்தது, நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நடந்து வெளியே போவதைப் பார்க்கவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஏசத் தொடங்கினார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் ஏசுவதும் மரியாதையாகத்தான் இருக்கிறது.

"அந்த மூணாம் நம்பர்காரரு சுத்த வேஸ்ட்டுங்க. இவர வெச்சு என்னங்க பண்றது? திருப்பி அனுப்பிச்சுடலாமுங்க."

பெர்னபாஸின் கை தொடைக்குக் கீழிருந்து வந்துவிட்டது. கடலில் அடுத்த வள்ளத்தைக் கூப்பிடுகிற குரல் அவனுக்கு.

"லேய்! அவன ஏசுததுக்கு நீ யாருலே?"

"ஏனுங்க, டிக்கெட் வாங்கியிருக்கறனுங்க."

"டிக்கெட்டா? ஒம்பது வயசில அவன் கோல் போஸ்ட்டு ஏறி விழுந்து கைய ஒடிச்சான், அப்ப தூக்கிட்டு ஓடினது நானு. ஒனக்கு மூணு மாசமாத்தான் அவனத் தெரியும். அவன ஏசணும்ன்னா நாங்க ஏசுவோம்!"

"நீங்க யாருங்க?"

"நாங்க அவனுக்க ஊரு."

ஆகஸ்டுக்குப் பிறகு எங்களில் ஒருவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னவனே கொஞ்சம் திகைத்தான். அதற்குள் கேமரா எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. பலகையில் நாங்கள் மூன்று பேரும் யானை உயரத்துக்குத் தெரிந்தோம். தொம்மை கடலைப் பொட்டலத்தால் முகத்தை மறைத்தான். காவலாளிகள் வந்து, வாங்க பெரியவரே என்று தோளைத் தொட்டு வெளியே கொண்டு விட்டார்கள்.

மற்ற இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது, காலும்.

"முழுசாப் பாத்தியளா?"

"பாதிக்கு மேல பாத்தேன். பொறவு வெளிய விட்டுட்டாவ."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். பிறகு காபி போட்டாள்.

அம்புரோஸ் வந்து குளித்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். "மாமா, அடுத்த ஆட்டத்துல நான் எறங்க முடியாது. அந்த லீவுல இவளக் கொண்டு விடுதேன். ஆனா வளைவு வரைக்கும்தான். ஒளிச்சி வைச்சி உள்ள கொண்டுபோலாம்ன்னு நெனைக்காதீங்க. ஊரு கூப்பிட்டா வாறேன். இல்லன்னா ரோட்டுல நிப்பேன்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. வளைவு என்று எழுதிக் கொடுத்தது நான்தான்.

ஜனவரி 8, திங்கள்

நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாக ஊர் வந்து சேர்ந்தோம். ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் டிவியில் எங்களைப் பார்த்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். "கண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்று வழியெல்லாம் கேட்டார்கள். மீன் விற்கிற ஞானம்மா மட்டும், "பெர்னபாஸு அண்ணனுக்குத் தொண்ட கட்டிருக்கே, வேளாங்கண்ணியில நெறயப் பாட்டு படிச்சாவளோ?" என்றாள். அவன் வள்ளத்தின் மறுபக்கம் போய்விட்டான்.

ஜனவரி 14, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் வாடகைக் கார் வளைவுக்கு வெளியே வந்து நின்றது. அம்புரோஸ் பெட்டியை இறக்கினான். ஜெசிந்தா இறங்கி உள்ளே நாலடி வந்தாள். திரும்பிப் பார்த்தாள். அவன் ரோட்டிலேயே நின்றான். அவள் என்னிடம் வருவதாகத்தான் சொல்லியிருந்தாள், வந்தும்விட்டாள். ஆனால் கால் நகரவில்லை. பஸ் நிறுத்தத்துத் திண்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். பிரிஜித் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூசை முடிந்து வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அங்கே போய் நின்றார்கள்.

ஊர்க் கூட்டத்தில் நான் நோட்டைத் திறந்தேன்.

"மீறினவங்க பேரு வாசிக்கேன். ஒரு பேருதான். எஸ்தாக்கி. அது நானு."

பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆறாந்தேதி நேர்ல போயிப் பாத்தேன். நான் வாசிச்ச சத்தியத்த நானே முறிச்சேன். தண்டன என்ன குடுத்தாலும் ஏத்துக்கிடுதேன். பாத்தத மறைக்காமச் சொல்லணும் இல்லியா, அதையும் சொல்லுதேன். அம்புரோஸு நல்லா ஆடல்ல. எழுவதாவது நிமிசம் செவப்பு அட்ட வாங்கினான்."

பிறகு பின்னாலிருந்து, "எழுவது இல்ல, அறுவத்தெட்டு" என்று ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை. சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"அறுவத்தெட்டுதான்" என்றான் சூசை. "மொத மஞ்ச முப்பத்தொண்ணுல."

"முப்பத்தொண்ணுல குடுத்தது கோல்கீப்பருக்குலே. இவனுக்கு முப்பத்துமூணு" என்று இன்னொரு குரல்.

"ரெண்டாவது மஞ்சளே குடுத்திருக்கப்பிடாது" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஞானம்மா. "இவன் சட்டையப் பிடிக்கவே இல்ல. அவன் தானாப் போயி விழுந்தான்."

"இல்லம்மா" என்றார் பங்குத்தந்தை. "திருப்பிப் போட்டுக் காட்டினப்போ பிடிச்சது நல்லாத் தெரிஞ்சுதே."

அதற்கப்புறம் கால் மணி நேரம் ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்கவில்லை. செப்டம்பர் ஆட்டம் வரைக்கும் போனார்கள். சூசை ஒரு கல்லை வைத்து, அந்தப் பந்து எப்படி வளைந்தது என்று மணலில் காட்டினான். தொம்மை, பால் அன்றைக்கு உண்மையிலேயே திரிந்ததாகச் சத்தியம் செய்தான். அதை நம்புகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் எழுபது என்று நினைத்துத்தான் சொன்னேன். வயசாகிறது.

மற்ற பெயர்களை எழுத நோட்டில் இடம் போதாது என்பதால் எழுதவில்லை.

பங்குத்தந்தை கையைக் காட்டி அமர்த்திவிட்டு, டீமைப் பற்றிய சத்தியம் இருந்த இடத்தில் இருக்கட்டும், அந்த முதலாளியை நம்மால் மன்னிக்க முடிந்தபோது மன்னிப்போம், ரோட்டில் நிற்கிற பையனை என்ன செய்யலாம் என்று கேட்டார். பெர்னபாஸ் எழுந்து நடந்தான். வளைவுக்குக் கீழே போய் நின்று இடுப்பில் கை வைத்தான்.

"லேய் அம்புரோசு, வாடே உள்ள. ஒன்ன ஏச வேண்டியது நெறயக் கெடக்கு."

அம்புரோஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். வீட்டு வாசலை அடையும்போது அவன் பின்னால் முப்பது பேர் இருந்தார்கள். எதிராளியை ஏன் உள்பக்கம் விட்டாய், சட்டையில் ஏன் கை போயிற்று, அங்கே சோறு போடுகிறார்களா இல்லையா, ஏன் இப்படி இளைத்தாய் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏசினார்கள். அவன் எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்து நின்றான். ஜெசிந்தா உள்ளே போய்க் கட்டிலில் காலை நீட்டிப் படுத்ததை நான் பார்த்தேன். பிரிஜித் அடுப்பில் பயறு வறுத்தாள், ஏழாம் மாதம் எப்போதோ போய்விட்டது என்று நான் சொன்னதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜனவரி 26, வெள்ளி

மதியம் ஒன்றேகாலுக்குப் பெண் பிள்ளை. இரண்டு பேரும் சுகம். அம்புரோஸ் காலையிலேயே கோவையிலிருந்து வந்துவிட்டான். பிள்ளையைக் கையில் வாங்கத் தெரியவில்லை, உட்கார்ந்துதான் வாங்கினான். நாளைக்கு அவர்களுக்கு ஆட்டம். போகவில்லை என்று போனில் சொல்லிவிட்டான். பெரிய சத்தம் போட்டார்கள் போலிருக்கிறது, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தான்.

ஜனவரி 28, ஞாயிறு

கோவை மூன்றுக்குப் பூஜ்யத்தில் தோற்றது. மூன்று கோலும் இடது பக்கம் வழியாக வந்தன.

பூசை முடிந்ததும் ஊர் பிள்ளை பார்க்க வந்தது. ஞானம்மா சோப்பும் பவுடரும் கொண்டுவந்தாள். பெர்னபாஸ் உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றான், முகம் சரியில்லை. அம்புரோஸ் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க மாமா, பிள்ளயப் பாருங்க" என்றான்.

"பிள்ளய நான் பொறவு பாக்கேன். பிள்ள இங்கனதான இருக்கும்." அவன் குரலை அடக்கத்தான் பார்த்தான், தெரு முழுக்கக் கேட்டது. "லெஃப்ட் பேக் இல்லாம அங்கன டீம் மூணு வாங்கிட்டு நிக்கி. நீ இங்கன கெடந்து தொட்டில் ஆட்டுகியாலே?"

பிள்ளை விழித்து அழுதது. வாசலில் நின்ற பத்துப் பேரும் அவன் சொன்னது சரிதான் என்பதுபோல் அம்புரோஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.